எரரை அழிக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள்

கேள்வி: அண்ணே, எனக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். 2015 மாடல் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தை அறுவடை முடிந்த சமயத்திலிருந்து செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட 500 ரூபாய் கேட்டார்கள். நானே 600 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி, போனில் ஆப் போட்டுப் பார்த்தேன். பி0171 என்று காட்டியது. கிளியர் அழுத்தியதும் லைட் அணைந்துவிட்டது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. இப்படியே ஆறு தடவை அழித்துவிட்டேன். அழித்த அன்றைக்கு மட்டும் ஐட்லிங்கில் வண்டி கொஞ்சம் திணறுகிறது. அடிக்கடி அழிப்பதால் வண்டியின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா? ஏபிஎஸ் லைட்டும் சில நாளாக எரிகிறது, அது இந்த ஸ்கேனரில் வரவே இல்லை. வாராவாரம் அப்பாவைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அழைத்துப் போகிறேன், வழியில் நின்றுவிடக் கூடாது. பேசாமல் வண்டியைக் கொடுத்துவிடலாமா என்றும் இருக்கிறது. மச்சான் கேட்கிறார். லைட்டை அழித்துவிட்டுக் கொடுத்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வண்டி நிற்பது வீட்டுக் கொல்லையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போட்ட கொட்டகையில். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிளியர் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது. எனக்கு வருத்தம் வேறு விஷயத்தில். உங்கள் வண்டி ஆறு தடவை கடிதம் எழுதியிருக்கிறது, ஆறையும் உறையைக்கூடப் பிரிக்காமல் கிழித்துப் போட்டிருக்கிறீர்கள்.

எரர் கோட் பதிவாகும்போது அந்த நம்பர் மட்டும் பதிவாவதில்லை. அந்த நிமிடம் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்து எழுதி வைக்கும். இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், வண்டி என்ன வேகம், தண்ணீர் எவ்வளவு சூடு, இன்ஜின் மேல் எவ்வளவு லோடு, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது, எல்லாம். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். உங்கள் ஆப்பிலேயே அப்படி ஒரு பக்கம் இருக்கும், தேடிப் பாருங்கள். கிளியர் அழுத்தினால் கோட்டோடு சேர்ந்து இதுவும் போய்விடும். அப்புறம் எந்த மெக்கானிக் வந்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தேட வேண்டும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன், திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஒருவர் காரைக் கொண்டுவந்தார். இன்ஜின் மிஸ் அடித்த, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போன, கோட் ஒன்று இருந்தது. அன்று பட்டறையில் கூட்டம். கோட்டைப் பார்த்தேன், 'திரும்ப வருதா பார்ப்போம்' என்று அழித்துவிட்டேன். எந்த சிலிண்டர் என்பதைக்கூட எழுதி வைக்கவில்லை. ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. பத்தாம் நாள் இரவு, நல்ல மழையில், அணைக்கரை தாண்டி வண்டி நின்றுவிட்டது. காரில் அவருடைய வயதான அம்மா இருந்தார். நான் பைக்கில் போய்ச் சேர மணி பன்னிரண்டு. பார்த்தால் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்றில் விரிசல், ஈரம் இறங்கினால் மட்டும் மிஸ் அடிக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேமை அன்றைக்கு ஒரு தடவை பார்த்திருந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் கோளாறு வருகிறது என்பது தெரிந்திருக்கும். மழைக்கால விடிகாலையில் வரும் கோளாறு என்றால் எங்கே தேடுவது என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து என் பட்டறையில் எரரைப் போட்டோ எடுக்காமல் யாரும் அழிக்கக் கூடாது. ஹெல்ப்பர் பையனுக்கும் அதே சட்டம்தான்.

சரி, உங்கள் பி0171-க்கு வருவோம். 'பி' என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து வரும் பூஜ்யம், இது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான கோட் என்று சொல்கிறது. அங்கே 1 என்று இருந்தால் அந்தக் கம்பெனியே வைத்துக்கொண்ட கோட், கூகுளில் தேடினால் வேறு வண்டிக்கான அர்த்தம் வந்து குழப்பும். அதற்கடுத்த 1, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விஷயத்தைச் சேர்ந்தது. மொத்தத்தில் பி0171 சொல்வது இதுதான்: கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகம்.

இதில் எந்தப் பாகத்தின் பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை. ஆனால் இந்தக் கோட்டைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். பல ஆயிரம் ரூபாய் போகும், நான்காம் நாள் லைட் திரும்ப வரும். அந்த சென்சார் உள்ளதைச் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் குற்றம் அதன்மேல் இருக்காது.

உள்ளே நடப்பது இது. சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் கம்மி என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டுகிறது. அப்போதும் கம்மி என்றால் இன்னும் கொஞ்சம். இந்தக் கூட்டலுக்கு ஃப்யூயல் டிரிம் என்று பெயர். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டெர்ம், கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருப்பது லாங் டெர்ம். நல்ல வண்டியில் இரண்டையும் கூட்டினால் 5 சதவீதம் மேலே கீழே இருக்கும், 10 வரைகூடப் பொறுக்கலாம். 20, 25 என்று ஏறிப்போனால், அந்த எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டு லைட்டைப் போடுகிறது.

நீங்கள் கேட்காமலே எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அழித்த அன்றைக்கு மட்டும் வண்டி திணறுகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் இங்கேதான். நிறைய வண்டிகளில் கிளியர் செய்தால் அந்த லாங் டெர்ம் பாடமும் மறந்துபோகும். பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அது திரும்பக் கற்றுக்கொள்ளும்வரை இன்ஜின் பெட்ரோல் போதாமல் ஓடுகிறது, திணறுகிறது. கோட் அழியலாம், கோளாறு அப்படியேதான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

மூன்றாம் நாள் வருவதற்கும் கணக்கு உண்டு. இந்த மாதிரிக் கோளாறுக்கு முதல் ஓட்டத்திலேயே (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு ஓட்டம்) லைட் போடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். முதல் ஓட்டத்தில் பார்த்தால் 'பெண்டிங்' என்று குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் கோட் உறுதியாகும், லைட் எரியும். ஆகவே அழித்த மறுநாளே உங்கள் ஆப்பில் பெண்டிங் கோட் என்ற பக்கத்தைத் திறந்திருந்தால் அது அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. லைட் எரிந்துகொண்டிருந்தால் தொடாதீர்கள். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரைச் செருகி கோட் பக்கத்தை ஒரு போட்டோ, ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். அதில் வேகம் பூஜ்யம், ஆர்பிஎம் 700, 800 என்று இருந்தால், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது பதிவானது என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் 70, லோடு அதிகம் என்றால் வடுவூர் ரோட்டில் மிதித்துப் போனபோது. இரண்டுக்கும் தேடும் இடம் வேறு.

அப்புறம் இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏசியை அணைத்துவிட்டு, லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் போட்டு ஐட்லிங்கில் ஒரு நிமிடம் கவனியுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டி நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம் அளவுக்கு ரேஸ் கொடுத்து அரை நிமிடம் பிடித்து, மறுபடி குறியுங்கள்.

ஐட்லிங்கில் 20-க்கு மேலே நின்று, 2500-ல் 5-க்குப் பக்கத்தில் இறங்கிவந்தால், எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஏர் ஃபில்டரை ஒட்டிக் காற்றை அளக்கிற மாஃப் சென்சார் உள்ள வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. அதைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் கொஞ்சமாக ஓடும்போது பாதி அந்த வளையிலேயே போய்விடும். கரை தொட்டு ஓடும்போது அந்த வளை இருப்பதே தெரியாது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரிகிறது. (மாஃப் இல்லாமல், காற்றின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் கசிவு பெரும்பாலும் ஐட்லிங் ஆர்பிஎம் ஏறிப்போவதாகத்தான் காட்டும்.)

மாறாக ஐட்லிங்கில் சரியாக இருந்து, ஓட்டத்தில் ஏறினால், மாஃப் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், அல்லது பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். அறுவடை மிஷின் ஓடுகிற நாளில் நம் ஊர் ரோட்டில் பறக்கும் தூசி உங்களுக்குத் தெரியும். மாஃப் சென்சாரைத் துணியால் துடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி மயிரிழை மாதிரி. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்துக் காயவிட்டால் போதும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி அதிகம் என்றால் பெட்ரோல் பிரஷரை கேஜ் போட்டு அளக்க வேண்டும், அதை வீட்டில் செய்ய வேண்டாம்.

ஆனால் எனக்கு உங்கள் வைக்கோல் போர் மேல்தான் சந்தேகம். சம்பா அறுத்து முடிந்ததும் வயலில் இருந்த எலிக்குத் தீனி போய்விடும். வரப்பை விட்டு வீட்டுப் பக்கம் வரும். போரில் குடியிருக்கும், ராத்திரி சூடாக இருக்கும் இன்ஜின் மேல் ஏறிப் படுக்கும். அதன் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். தை, மாசியில் என் பட்டறைக்கு எலி கடித்த வண்டி வராத வாரம் கிடையாது. உங்கள் லைட் தை அறுவடையோடு வந்திருக்கிறது.

பானெட்டைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இன்ஜின் மேல் நெல், உமி, புழுக்கை கிடக்கிறதா? ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஒரு தடவை ஒரு வண்டியில் அந்தப் பெட்டிக்குள் இரண்டு கைப்பிடி நெல்லும் வைக்கோல் கூடும் இருந்தன. அப்புறம் மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்கு, போகிற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவி வாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. மேல் பக்கம் நன்றாக இருக்கும், அடியில் கடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் விடாதீர்கள். அதில் ஓட்டை என்றால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். அப்படி இருந்தால் அந்த வண்டியில் அப்பாவை ஏற்ற வேண்டாம்.

இன்ஜினை ஓடவிட்டால் ஓட்டை உள்ள இடத்தில் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். ஒரு முழம் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் இடம் பிடிபடும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகிற பக்கம் கை போகாமல், துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, நிதானமாகச் செய்யுங்கள். சிலர் பெட்ரோலைத் தெளித்துக் கண்டுபிடிப்பார்கள், அந்த வேலை வேண்டவே வேண்டாம். பிடிபடவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ளே விட்டு ஓட்டையைக் கண்டுபிடிப்பது) வசதி உள்ள பட்டறைக்குப் போங்கள். அங்கே ஸ்கேன் போட 500 ரூபாய் கேட்டால் அது கோட்டைப் படித்துச் சொல்வதற்கான காசு இல்லை, மேலே நான் சொன்ன தேடலுக்கான காசு. தேடாமல் கோட்டை மட்டும் படித்துவிட்டு அழித்துத் தந்தால் கொடுக்காதீர்கள்.

ஹோஸ் கடித்திருந்தால் அதே தடிமனில், எண்ணெயும் சூடும் தாங்குகிற புது ஹோஸ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், ஒரு வாரத்தில் பசை இளகிக் கழன்றுவிடும்.

வேலை முடிந்த பிறகு அழிப்பதில் தப்பே இல்லை, அதுதான் அதற்கான நேரம். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், வண்டி நின்றிருக்க வேண்டும். கிளியர் அழுத்தி, ஆப் முடிந்தது என்று சொல்லும்வரை காத்திருந்து, சாவியை ஆஃப் செய்து ஒரு நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அழிக்காமல் விட்டாலும் ஒன்றும் இல்லை. கோளாறு உண்மையிலேயே தீர்ந்திருந்தால் தொடர்ந்து மூன்று ஓட்டம் சரியாகப் போனதும் பொதுவாக லைட் தானே அணைந்துவிடும். உள்ளே இருக்கும் பதிவும் 40 தடவை இன்ஜின் சூடாகி ஆறியபின் தானே போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி அழிக்கிற பழைய வழி வேண்டாம். கடிகாரம், ஸ்டீரியோ, ஜன்னல் ஆட்டோ செட்டிங் எல்லாம் போகும், ஐட்லிங்கும் சில நாள் தகராறு செய்யும்.

அழித்தபின் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரை ஒரே சீராக ஓட்டிப் போய்வாருங்கள். மறுநாளும் ஓட்டுங்கள். பிறகு பெண்டிங் பக்கத்தைத் திறங்கள், டிரிமையும் பாருங்கள். பெண்டிங் காலியாக இருந்து, டிரிம் 5-க்குள் நின்றால் வேலை முடிந்தது. லைட் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வழியில் நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். லைட் நிலையாக எரிந்து, வண்டி சாதாரணமாக ஓடினால் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். லைட் மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. இன்ஜின் கடுமையாக மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அது சாதாரணமாகவே பல நூறு டிகிரி சூடு, அப்போது இன்னும் ஏறும். உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஓரம்கட்டும்போது கீழே வைக்கோல் இல்லாத இடமாகப் பாருங்கள். இதை நம் ஊருக்காகவே சொல்கிறேன். ரோட்டில் வைக்கோல் காயப்போடும் நாளில் அது அடியில் சுற்றிக்கொள்ளும், சூடான கன்வெர்ட்டர் அதைப் பற்றவைத்துவிடும். லைட் மின்னும்போது ஆப்பை எடுத்து அழித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏபிஎஸ் லைட் உங்கள் ஸ்கேனரில் வராதது அதன் தப்பு இல்லை. ஏபிஎஸ்ஸுக்கும் ஏர்பேக்குக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் உண்டு. விலை குறைந்த ஸ்கேனர்களும் சாதாரண ஆப்களும் இன்ஜின் பக்கம் மட்டும்தான் பேசும். சேற்றில் இறங்கி ஏறிய வண்டி என்றால் சக்கரத்தின் வேகம் பார்க்கும் சென்சாரில் மண் அப்பியிருக்கலாம், அல்லது அந்த வயரையும் எலி பார்த்திருக்கலாம். பட்டறையில் பெரிய ஸ்கேனரைப் போட்டால் எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடும். அதுவரை பிரேக் பிடிக்கும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் லாக் ஆகலாம், ஈர ரோட்டில் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். ஏர்பேக் லைட் எப்போதாவது வந்தால் அதன் மஞ்சள் கப்ளர்களில் (வயர் இணைப்புகளில்) கை வைக்காமல் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வேலை இல்லாதபோது ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டில் சாவி ஆஃப் ஆனாலும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். சில நாள் ஓடாமல் நிற்கும் வண்டியில் செருகியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

மச்சான் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி செய்யாதீர்கள், தம்பி. முதல் காரணம் உங்களுக்கே தெரியும், உங்கள் அக்காவோ தங்கையோ அந்த வண்டியில் உட்காரப்போகிறார். வண்டியும் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறது. அழித்தபின் கம்ப்யூட்டர் தானே செய்துபார்க்கும் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்பதையும் காட்டும். மச்சான் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து ஸ்கேனர் போட்டால் 'நேற்றுத்தான் அழித்திருக்கிறார்கள்' என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கொடுப்பதானால் சரிசெய்துவிட்டு, போட்டோக்களையும் பில்லையும் கையில் கொடுத்துக் கொடுங்கள். இல்லை, லைட் எரிகிறபடியே, இன்ன கோட் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

இன்று ராத்திரியே காரைப் போரிலிருந்து இருபது முப்பது அடியாவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து வைத்தால் எலி உள்ளே தங்குவதற்கு யோசிக்கும். விஷம் வைக்காதீர்கள், ஏசி பிளோயருக்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரும். போர் ஓரத்தில் தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி நாலைந்து வைக்க ஊரில் ஆள் இருப்பார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். லைட் திரும்ப வந்ததும் அந்த இரண்டு போட்டோவையும், ஐட்லிங்கிலும் 2500-லும் வந்த டிரிம் நம்பரையும் எனக்கு அனுப்புங்கள். ஹோஸில் கடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் அடுத்து எங்கே பார்ப்பது என்று அவற்றை வைத்துச் சொல்கிறேன்.